அண்ணாச்சி பதில்கள்: கயிறு எங்கே போய் நிற்கும்?

போன இதழில் பந்தல் கம்பி பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிட்டு, மீதியைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று விட்டிருந்தேன். அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்று புளியரையிலிருந்து புனலூர் வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரு பொருள் அசையாமல் நிற்கிறது என்றால் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் எல்லா விசையும் ஒன்றையொன்று ஈடு செய்துவிட்டன என்று பொருள். அந்த நிலை எங்கே இருக்கிறது என்று எண்களை வைத்துத் தேடுவதுதான் கீழே வரும் எல்லாப் பதில்களிலும் இருப்பது.

அண்ணாச்சி, பாகற்காய்ப் பந்தலுக்கு ரெண்டு கல்தூணுக்கு நடுவுல எட்டு கேஜ் கம்பியை இம்மிகூடத் தொய்வு இல்லாம நேரா கட்டினேன். தூணுக்குத் தூண் பத்து மீட்டர். நடுவுல இருபது கிலோ தொங்கவிட்டதுக்கே ஓரத்துத் தூண் உள்பக்கமாச் சாய்ஞ்சுட்டு. இருபது கிலோவுக்குக் கல்தூண் சாயுமா?
— விவசாயி, புளியரை

சாயும். ஏனென்றால் உங்கள் தூணை இழுத்தது இருபது கிலோ இல்லை, கிட்டத்தட்ட 232 கிலோ.

இருபது கிலோவைத் தூக்கிப் பிடிப்பது கம்பியின் இரண்டு பாதிகள், ஆளுக்குப் பத்து கிலோ. ஆனால் கம்பி கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருக்கிறது, அதன் இழுவையில் மேல்நோக்கி வேலை செய்வது சின்னப் பங்குதான், மீதி எல்லாம் பக்கவாட்டில் தூணை இழுப்பதில் போகிறது. கம்பி எவ்வளவு நேராக இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்தப் பங்கு சிறுத்துக்கொண்டே போகும், இழுவை ஏறிக்கொண்டே போகும். துளிகூடத் தொய்வே இல்லாத கம்பியால் ஒரு கிராம் எடையைக்கூடத் தாங்க முடியாது. அதனால் கம்பி கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் இறங்கி, எங்கே போனால் கணக்குச் சரியாகுமோ அங்கே போய் நிற்கிறது.

அந்த இடம் எது? தெரியாதது இரண்டு: தொய்வு எவ்வளவு, இழுவை எவ்வளவு. நிபந்தனையும் இரண்டு. முதலாவது, மேல்நோக்கிய விசை எடைக்குச் சமம். இரண்டாவது, கம்பி எவ்வளவு நீண்டதோ அதற்குத் தகுந்த இழுவைதான் அதில் இருக்க முடியும். எட்டு கேஜ் என்பது சுமார் நாலு மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, அதன் விறைப்பு, அதாவது நீட்ட முயன்றால் அது காட்டும் எதிர்ப்பின் அளவு, ஏறத்தாழ 25 லட்சம் நியூட்டன். இரண்டு நிபந்தனையையும் சேர்த்து இழுவையை நீக்கிவிட்டால், தொய்வு சிறியது என்ற அளவில் கிடைப்பது இது: தொய்வின் மும்மடி = எடை × பாதி நீளத்தின் மும்மடி ÷ விறைப்பு. இருபது கிலோ என்றால் 200 நியூட்டன், பாதி நீளம் 5 மீட்டர், அதன் மும்மடி 125. ஆக 200 × 125 ÷ 25,00,000 = 0.01. எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 0.01 வரும்? 0.2154. அதாவது கம்பி 21.5 சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். 5 மீட்டருக்கு 21.5 சென்டிமீட்டர் என்றால் மேல்நோக்கிய பங்கு நூற்றுக்கு 4.3தான், பத்து கிலோவை 0.043-ஆல் வகுத்தால் 232.

கட்டும்போதே முறுக்கி இழுத்திருந்தால் இது இன்னும் கூடும், குறையாது. செய்ய வேண்டியது என்னவென்றால், கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, எடை ஏறிய பிறகு நடுவில் ஒரு மீட்டர் தொய்வு நிற்கும்படி கட்டுங்கள், இழுவை சுமார் 51 கிலோவுக்கு இறங்கிவிடும். பந்தலில் ஆள் குனிந்து போக வேண்டியிருக்கும், அது சிரமம்தான். அது வேண்டாம் என்றால் நடுவில் ஒரு முட்டுக்கால் கொடுங்கள், ஓரத் தூணுக்கு வெளிப்பக்கம் ஸ்டே கம்பியும் கட்டுங்கள். இன்னொன்று, ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, கொடி படர்ந்த பந்தலில் அது தனிச் சுமை. ஸ்டே கம்பியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அண்ணாச்சி, இதே கம்பிக் கணக்கை நியூட்டன்-ராப்சன் முறையில் புரோகிராம் எழுதிப் பார்த்தேன். நேர்கம்பியில் தொடங்கினால் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நின்றுவிடுகிறது. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கினால் முப்பத்து மூன்று மீட்டர் என்று ஏதோ வருகிறது. புரோகிராமில் பிழையா?
— பாலிடெக்னிக் மாணவர், செங்கோட்டை

பிழை இல்லை தம்பி, உன் புரோகிராம் கம்பியைப் பற்றிய உண்மையைத்தான் சொல்கிறது.

அந்த முறை செய்வது இவ்வளவுதான். இப்போது நினைத்திருக்கிற இடத்தில் எவ்வளவு விசை ஈடாகாமல் மிச்சம் கிடக்கிறது என்று பார்க்கிறது, அதை அந்த இடத்தின் விறைப்பால் வகுக்கிறது, வந்த தூரம் நகர்கிறது, மறுபடி மிச்சத்தைப் பார்க்கிறது. மிச்ச விசை பூச்சியத்துக்கு வந்துவிட்டால் அதுதான் சமநிலை. நியூட்டன் இதை 1669-ல் எழுதி வைத்தார், ஜோசப் ராப்சன் 1690-ல் எளிமையாக்கி அச்சில் கொண்டுவந்தார்.

இப்போது உன் கம்பிக்கு வருவோம். தொய்வே இல்லாத கம்பியை நடுவில் ஒரு மயிரிழை கீழே அழுத்தினால் எதிர்ப்பு என்று ஒன்றும் வராது, செங்குத்துத் திசையில் அதன் விறைப்பு அந்தக் கணத்தில் பூச்சியம். மேலே புளியரைக்காரருக்குச் சொன்னேனே, நேர்கம்பியால் ஒரு கிராமைக்கூடத் தாங்க முடியாது என்று, அதையேதான் கம்ப்யூட்டர் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று உனக்குச் சொல்கிறது. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கினால் விறைப்பு இருக்கிறது, ஆனால் மிகச் சொற்பம். சொற்ப விறைப்பால் பெரிய விசையை வகுத்தால் 33 மீட்டர் ஆழத்துக்குப் போ என்றுதான் வரும். அங்கிருந்து ஒவ்வொரு அடியிலும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும், 22, 15 என்று, பன்னிரண்டு அடிக்கு மேல் வீணாகப் போன பிறகுதான் விடைக்குப் பக்கத்தில் வரும்.

பத்து சென்டிமீட்டரில் தொடங்கிப் பார். தொய்வின் மும்மடி 0.01 என்ற சமன்பாட்டுக்கு வாய்ப்பாடு: பழைய மதிப்பை இரண்டால் பெருக்கு, 0.01-ஐப் பழைய மதிப்பின் வர்க்கத்தால் வகுத்து அதோடு கூட்டு, மொத்தத்தை மூன்றால் வகு. 0.1 வைத்தால் 0.4 வரும். அதை வைத்தால் 0.2875, அப்புறம் 0.2320, அப்புறம் 0.2166, அப்புறம் 0.21545. கடைசி அடிகளைக் கவனி, விடைக்குக் கிட்டே வந்துவிட்டால் ஒவ்வொரு அடியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கின்றன. இந்த முறையை இத்தனை பேர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வேகத்துக்காகத்தான். ஆனால் கிட்டே வந்த பிறகுதான் அந்த வேகம், அதற்கு முன்னால் அது எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடும்.

நீ செய்ய வேண்டியது: உத்தேசமாக ஒரு தொய்வை நீயே கொடுத்துத் தொடங்கு. ஒரே அடியில் இவ்வளவு தூரத்துக்கு மேல் நகராதே என்று ஒரு வரம்பு வை. நூறு புள்ளி உள்ள வலை என்றால் முதல் அடிக்கு மட்டும் கம்பிகளில் கொஞ்சம் முன்னிழுவை இருப்பதாக வைத்துக்கொள், விறைப்பு வந்துவிடும், பிறகு அதை எடுத்துவிடலாம். பல புள்ளிகள் வரும்போது விறைப்பு என்பது ஒற்றை எண்ணாக இருக்காது, வரிசை வரிசையாக எண்களை அடுக்கிய ஒரு அணியாக (மேட்ரிக்ஸ்) இருக்கும். வகுப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு அடியிலும் ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும், மற்றபடி யோசனை இதேதான்.

கணக்கு எனக்கும் வரும் அண்ணாச்சி, கால்குலேட்டர் போதும்கிற மாதிரிச் சொல்லுங்க. கடை முன்னால ஒரே கயித்துல மூணு வாழைத்தார் தொங்கவிடுறேன், பத்து கிலோ, முப்பது கிலோ, இருபது கிலோ. எது எவ்வளவு இறங்கும்?
— பழக்கடைக்காரர், செங்கோட்டை

இந்த வாரம் வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கயிற்றின் இரு முனையும் ஒரே உயரத்தில், நாலு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, தார்கள் மீட்டருக்கு ஒன்றாகத் தொங்குகின்றன, கயிற்றின் கிடைமட்ட இழுவை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை எல்லாம் நேர்கீழே இழுப்பதால் கிடைமட்ட இழுவை கயிறு முழுக்க ஒரே அளவுதான். மூன்று இறக்கங்களையும் அ, ஆ, இ என்று சென்டிமீட்டரில் எழுதினால், ஒவ்வொரு தாரிடத்திலும் மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் சமம் என்பது இப்படி வரும்:

2அ − ஆ = 10
−அ + 2ஆ − இ = 30
−ஆ + 2இ = 20

இதைத் தீர்க்க வேண்டாம், திருத்திக்கொண்டே போவோம். முதலில் மூன்றும் பூச்சியம். முதல் தாரை மட்டும் விடுவித்து அதன் இடத்தில் சமநிலைக்கு விடுங்கள்: அ = (10 + ஆ) ÷ 2, அதாவது 5. இப்போது அந்தப் புது 5-ஐ வைத்தே நடுத்தார்: ஆ = (30 + அ + இ) ÷ 2 = 17.5. அப்புறம் கடைசித் தார்: இ = (20 + ஆ) ÷ 2 = 18.75. ஒரு சுற்று முடிந்தது. நடுவில் ஆ மாறியதும் முதல் தாரின் சமநிலை கெட்டிருக்கும், அதனால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் சுற்று முடிவில் அ 13.75, ஆ 31.25, இ 25.6. மூன்றாம் சுற்றில் 20.6, 38.1, 29.1. நாலாவதில் 24.1, 41.6, 30.8. இப்படியே போனால் 27.5, 45, 32.5-ல் போய் நிற்கும். இதற்கு காஸ்-சீடல் முறை என்று பெயர்.

விடை சரிதானா என்று சரிபார்க்க என்னைக் கேட்க வேண்டாம். இடது முனையில் மேல்நோக்கிய இழுவை 100 × 27.5 ÷ 100 = 27.5 கிலோ, வலது முனையில் 32.5 கிலோ, கூட்டினால் 60. உங்கள் மூன்று தாரும் சேர்த்து 60. எந்தக் கணக்கிலும், அது எவ்வளவு பெரிய மென்பொருளிலிருந்து வந்த விடையாக இருந்தாலும், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தாங்குகிறவை எல்லாம் சேர்ந்து சுமைக்குச் சமமா? அதில் தவறினால் மீதிப் பக்கங்களைப் புரட்டவே வேண்டாம்.

நடுத்தாரின் பிழையைப் பாருங்கள்: 27.5, 13.75, 6.9, 3.4. சுற்றுக்குச் சுற்று பாதி. மூன்று தாருக்கு இது அருமை. ஆனால் ஒரே கயிற்றில் 99 புள்ளிகள் இருந்தால் பிழை பாதியாவதற்கே சுமார் 700 சுற்று ஆகும், ஏனென்றால் ஒரு சுற்றில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு மட்டும்தான் பேசுகிறது, ஒரு முனையில் நடந்தது மறுமுனை வரை போய்த் திரும்பி அடங்க அவ்வளவு நேரம் எடுக்கிறது. அங்கே காஸ் நீக்கல் முறைதான் சரி. முதல் சமன்பாட்டிலிருந்து அ-வை நீக்கி இரண்டாவதில் போடு, அதிலிருந்து ஆ-வை நீக்கி மூன்றாவதில் போடு, கடைசிக்குப் போய் ஒரே எண் கிடைத்ததும் வந்த வழியே திரும்பி ஒவ்வொன்றாக நிரப்பு. போக ஒன்று, வர ஒன்று, முடிந்தது.

நிஜத்தில் உங்களுக்குத் தெரிந்தது கயிற்றின் நீளம், இழுவை 100 கிலோ என்பது நான் வைத்துக்கொண்டது. நீளத்தை வைத்துப் போனால் இழுவையும் நாலாவதாகத் தெரியாத எண் ஆகிவிடும், சமன்பாடும் நேராக இருக்காது. கடைக்கு ஒரு சின்ன வழி: இழுவையை 100 என்று போட்டு இறக்கங்களைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கயிற்று நீளத்தைக் கணக்கிடுங்கள், உங்கள் கயிறு அதைவிட நீளமென்றால் இழுவையைக் குறைத்து மறுபடி போடுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பெரிய கட்டடங்களுக்கு என்ன செய்தார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்பொழி

பழக்கடைக்காரருக்குச் சொன்னதையேதான் செய்தார்கள் அம்மா. தூணும் உத்தரமும் சேரும் மூட்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடித்து வை, அந்த ஒன்றை மட்டும் விடுவி, அடங்கியதும் பிடித்துவிட்டு அடுத்ததை விடுவி. ஹார்டி கிராஸ் 1930-ல் அமெரிக்காவில் கான்கிரீட் சட்டகங்களுக்கு இதைத் திருப்புத்திறன் பகிர்வு முறையாகக் (moment distribution) கொடுத்தார், அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்கப் பொறியாளர்கள் காகிதத்தில் பென்சிலால் இந்தச் சுற்றுகளைப் போட்டார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் சவுத்வெல் 1935-ல் சட்டகங்களுக்குத் தளர்த்தல் முறை என்று இதையே விரிவாக்கினார். அவர் வழியில் வரிசைப்படி போக வேண்டியதில்லை, எந்த மூட்டில் மிச்ச விசை அதிகமோ அங்கே முதலில் கை வைக்கலாம். மனிதக் கண்ணுக்கு அது சுலபம்.

கயிற்றுக் கூரைகள் வந்தபோது புது வழி தேவைப்பட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் வலைக்கூரைப் பணியில் இருந்த கிளாஸ் லிங்க்விட்ஸும் ஹான்ஸ்-யோர்க் ஷேக்கும் 1970-களின் தொடக்கத்தில் விசை அடர்த்தி முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கயிற்றுத் துண்டுக்கும் இழுவையை நீளத்தால் வகுத்த எண்ணை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், வளைந்து நெளிந்த சமன்பாடுகள் எல்லாம் நேராகிவிடுகின்றன, ஒரே தடவையில் தீர்க்கலாம். வாழைத்தார்க் கணக்கில் நான் இழுவையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

எங்கள் ஊர்த் தொங்குபாலத்துச் சங்கிலி என்ன வடிவம்? பரவளையம் என்று ஒருவர், இல்லை சங்கிலியம் என்று இன்னொருவர், வீட்டில் சண்டை.
— புனலூர் தமிழ்க் குடும்பம் ஒன்று

கல்லடை ஆற்றின் குறுக்கே ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் திருவிதாங்கூர் காலத்தில் கட்டி 1877-ல் முடித்த பாலம் அது. பாதையின் எடை கிடைமட்டமாகச் சீராகப் பரவியிருந்தால் சங்கிலி பரவளையத்துக்கு அருகில் வரும். சங்கிலி தன் எடையை மட்டும் சுமந்தால் சங்கிலியம். பாலத்தில் இரண்டு எடையும் இருப்பதால் நிஜ வடிவம் இரண்டுக்கும் நடுவில், தொய்வு குறைவாக இருந்தால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆக இரண்டு பேரும் பாதி சரி. சங்கிலியத்தின் சரியான சமன்பாட்டை லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் 1691-ல் தனித்தனியே கொடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சமன்பாடு கையில் இருந்தாலும் எண் சும்மா வந்துவிடாது. பத்து மீட்டர் இடைவெளியில் பதினொரு மீட்டர் கயிறு தன் எடையில் தொங்கினால் நடுவில் எவ்வளவு இறங்கும்? இதற்கு ஒரு எண்ணின் மிகைவளையச் சைனை (கால்குலேட்டரில் sinh) அந்த எண்ணாலேயே வகுத்தால் 1.1 வரும்படி அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், நேர்வழி இல்லை. பாதியாக்கிக்கொண்டே போகலாம். 0.5 வைத்தால் 1.042, குறைவு. 1 வைத்தால் 1.175, அதிகம். நடுவில் 0.75 வைத்தால் 1.096, கொஞ்சம் குறைவு. ஆக விடை 0.75-க்கும் 1-க்கும் இடையில். 0.875 வைத்தால் 1.133, அதிகம். இப்படி நெருக்கினால் 0.763-க்கு வந்து சேரும். அதிலிருந்து தொய்வு 2 மீட்டர் என்று வரும். கயிறு ஒரு மீட்டர்தான் கூடுதல், இறக்கமோ இரண்டு மீட்டர், வீட்டில் துணி காயப்போடும் கொடியிலேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம். பாதியாக்கும் முறை மெதுவானது, ஆனால் விடை இரண்டு எண்களுக்கு நடுவில் சிக்கிவிட்டால் தப்பவே முடியாது, நியூட்டன் முறை தூக்கி எறிகிற இடங்களில் நான் இதைத்தான் முதலில் போடுவேன்.

டீக்கடை மேஜைக்கு நாலு கால். எந்தக் காலில் எவ்வளவு எடை என்று தம்பி காலேஜ் புத்தகத்தை வைத்துப் போட்டுப் பார்த்தான், விடையே வரவில்லை.
— டீக்கடைக்காரர், ஆரியங்காவு

மொத்த எடைக்கு ஒரு சமன்பாடு, இரு திசையிலும் கவிழாமல் இருக்க இரண்டு. ஆக மூன்று. தெரியாதது நாலு. விடை வராது, தம்பி மேல் தப்பில்லை. மூன்று கால் முக்காலிக்கு வந்துவிடும்.

நாலாவது தகவல் காலின் நெகிழ்விலிருந்து வர வேண்டும். நாலு காலும் ஒரே மாதிரி, தரை சமம், பலகை வளையாது என்று வைத்தால் ஒவ்வொரு காலும் அமுங்கும் அளவு ஒரே தளத்தில் இருக்க வேண்டும், அதுதான் நாலாவது சமன்பாடு. 40 கிலோ பாய்லரை நடுவில் வைத்தால் ஆளுக்குப் பத்து. அதை நடுவிலிருந்து ஒரு மூலையை நோக்கி, இரு திசையிலும் விளிம்பு வரையுள்ள தூரத்தில் 60 சதவீதம் நகர்த்தினால் வருவது 22, 10, 10, எதிர்மூலையில் −2. மேஜையைத் தரை பிடித்து இழுக்காது, அதனால் −2 என்ற விடை நடக்காத ஒன்று, அந்தக் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். அதைத் தூக்கிவிட்டு மூன்று காலுக்கு மறுபடி போட்டால் 24, 8, 8, எல்லாம் தள்ளுகிற விசை, இதுதான் விடை. கயிறு தள்ளாது, தரை இழுக்காது என்பதெல்லாம் சமன்பாட்டுக்குத் தானாகத் தெரியாது, ஒவ்வொரு விடையிலும் குறியைப் பார்த்து நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு கம்பிகளைத் தட்டையான கூரை மாதிரிச் சாய்த்து உச்சியில் கீல் போட்டு இணைத்த அமைப்புக்கு புரோகிராம் எழுதினேன் அண்ணாச்சி. சுமை ஏதும் இல்லை. உச்சி மேலேயே நிற்கும் என்று வர வேண்டியதற்கு, கூரையின் இரு முனைகளையும் சேர்க்கும் நடுக்கோட்டிலேயே உச்சி நிற்கும் என்று விடை. மிச்ச விசை பத்து இலக்கத்துக்குப் பூச்சியம். செய்து பார்த்தால் ஒரு நொடிகூட அங்கே நிற்கவில்லை.
— பொறியியல் மாணவி, தென்காசி

தங்கச்சி, உன் விடை சமநிலைதான். ஆனால் நிற்காத சமநிலை. இரண்டு கம்பியும் நேர்க்கோட்டில் படுத்து ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன, விசை ஈடாகிவிட்டது, ஆனால் ஒரு தூசி விழுந்தாலும் மேலேயோ கீழேயோ டக்கென்று தாவிவிடும். இந்த அமைப்புக்கு மூன்று சமநிலைகள்: மேலே, நடுவே, கீழே. நியூட்டன் முறைக்கு மூன்றும் ஒன்றுதான், அது மிச்ச விசையை மட்டும் பார்க்கிறது.

எந்தச் சமநிலைக்குப் போகும் என்பது எங்கே தொடங்குகிறாய் என்பதைப் பொறுத்தது, அதுவும் நீ நினைக்கிற மாதிரி அருகில் இருப்பதற்குப் போகும் என்பதில்லை. உச்சி உயரம் பத்து சென்டிமீட்டர் என்று வை. சாய்வு குறைவான கூரைக்கு, இப்போதைய உயரத்தை அந்த உச்சி உயரத்தால் வகுத்த எண்ணின் மும்மடி கழித்தல் அதே எண் = 0 என்று வரும். நாலு சென்டிமீட்டரில் தொடங்கினால் நடுக்கோட்டில் போய் நிற்கும். ஆறில் தொடங்கினால் முதலில் 54 சென்டிமீட்டருக்குத் தாவி, அப்புறம் இறங்கி மேல் நிலையான பத்துக்கு வரும். ஐந்தில் தொடங்கினால் ஒரே அடியில் கீழே, கவிழ்ந்த நிலைக்கு, கழித்தல் பத்துக்குப் போய்விடும். கையால் போட்டுப் பார், மூன்றும் ஐந்து நிமிட வேலை.

நிற்கிற சமநிலையா என்று அறிய விறைப்பைப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டில் விறைப்பு எதிர்மறை, அதாவது கொஞ்சம் விலகினால் திரும்பி இழுப்பதற்குப் பதிலாக மேலும் தள்ளும். பல மூட்டுகள் என்றால் விறைப்பு அணியின் ஐகன் மதிப்புகள், அதாவது ஒவ்வொரு தனி அசைவுக்கும் உள்ள விறைப்புகள், எல்லாம் நேர்மறையா என்று பார். அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டாம், சமச்சீர் அணியை வரிசை மாற்றாமல் காஸ் நீக்கல் செய்யும்போது மூலைவிட்டத்தில் வருகிற எண்கள் எல்லாம் நேர்மறையாக இருந்தால் போதும், ஒன்று எதிர்மறையானாலும் அது நிற்காது. விடையோடு இந்த எண்களையும் அச்சிடச் சொல்லி உன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிடு.

இன்னொரு வழி, ஒவ்வொரு மூட்டுக்கும் கற்பனையாக ஒரு நிறையும் கொஞ்சம் தடையும் கொடுத்து அதை அசையவிட்டு, அடங்கும் வரை நேரத்தை நகர்த்துவது. அலிஸ்டர் டே 1965-ல் கொடுத்த இயக்கத் தளர்த்தல் முறை இது. மெதுவானது, ஆனால் நிற்காத இடத்தில் போய் உட்காராது, நிஜப் பொருள் எப்படி அடங்குமோ ஏறத்தாழ அப்படித்தான் அடங்கும். கயிற்று வலைக்கும் துணிக்கூரைக்கும் இன்றைக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்கெல்லாம் எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?
— கடையநல்லூர் வாசகர்

எதுவும் வாங்க வேண்டாம். சிறியதற்கு ஏற்கெனவே கையில் எக்செல் இருந்தால் அதுவே போதும். பெரியதற்கு பைத்தான் மொழியும் அதோடு நம்பை, சைபை என்ற கணித நூலகங்களும், இல்லாவிட்டால் ஆக்டேவ், சைலேப். எக்செல் தவிர மற்ற எல்லாம் இலவசம். முதலில் வாழைத்தார்க் கணக்கைப் போட்டு 27.5, 45, 32.5 வருகிறதா என்று பாருங்கள்.

தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் பயம். அந்தக் கல் வளைவு எப்படி நிற்கிறது என்று யாராவது இப்படிச் சமன்பாடு போட்டுத் தீர்த்திருப்பார்களா?
— செங்கோட்டை - கொல்லம் ரயிலில் அடிக்கடி போகிறவர்

1904-ல் மீட்டர் பாதையாகத் திறந்த வழி அது, அகலப்பாதையாக மாறி 2018-ல் முழுக்கத் திறந்தது. கல் வளைவுக்குத் தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகப் பாருங்கள். சங்கிலியில் இழுக்கிறது மட்டும், வளைவில் தள்ளுகிறது மட்டும், வடிவம் ஒன்றே. ராபர்ட் ஹூக் 1675-ல் இதை எழுத்துப் புதிராக வெளியிட்டார், விடை அவர் இறந்த பிறகு 1705-ல்தான் வெளியானது. ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது 1740-களில் ஜியோவானி போலெனி, குவிமாடத் துண்டுகளின் எடைக்கு ஏற்ற எடைகளை ஒரு சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு, அந்த வடிவத்தைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் தடிமனுக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கியது. சமன்பாட்டைச் சங்கிலியே தீர்த்துக் கொடுத்தது.

நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதில்: வளைவுக்குள் விசை சரியாக எந்தக் கோட்டில் போகிறது என்று யாராலும் ஒரே விடையாகச் சொல்ல முடியாது, டீக்கடை மேஜை மாதிரியே தெரியாதவை அதிகம், அடித்தளம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு இடம் மாறும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. கல் நொறுங்காது, கற்கள் வழுக்காது, இணைப்பு இழுவையைத் தாங்காது என்ற மூன்றையும் வைத்துக்கொண்டால், சுமைகளோடு சமநிலையில் இருக்கிற ஏதாவது ஒரு கோடு வளைவின் தடிமனுக்குள் அடங்கினாலே அந்தச் சுமைக்கு வளைவு விழாது என்று 1966-ல் ஜாக் ஹேமன் காட்டினார். ஆக கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டியது உண்மையான கோடு எது என்று இல்லை, உள்ளே அடங்குகிற கோடு ஒன்றாவது உண்டா, எவ்வளவு இடம் விட்டு அடங்குகிறது என்பதுதான். ரயில் வளைவின் ஒரு பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கோடு அந்தப் பக்கம் மேலே தள்ளப்படும், அதனால் எஞ்சினை ஒவ்வொரு இடமாக நகர்த்தி வைத்து ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டும். கல் வளைவில் பெரும்பாலும் தன் எடையே ரயிலின் எடையைவிட மிகப் பெரிது, அதனால் எஞ்சின் வந்தாலும் கோடு அதிகம் நகர்வதில்லை.